வெல்டுக்குப் பக்கத்தில் ஒழுகும் தொட்டி: 304, 304 எல், 321 – எதை வாங்குவது?

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ரசாயன ஆலையிலிருந்து கூப்பிட்டார்கள். நைட்ரிக் அமிலத்தைச் சூடாக வைத்திருக்கும் தொட்டி, 304 என்ற எவர்சில்வர் வகையில், 8 மில்லிமீட்டர் பிளேட்டில் செய்தது, இரண்டு வருடம்கூட ஆகவில்லை, ஒழுகுகிறது. தொட்டியைச் செய்து கொடுத்தவரும் வந்திருந்தார். கொங்குப் பக்கத்துக்காரர், தொழிலில் பழுத்தவர். "வெல்டு பக்காவா இருக்குதுங்க சார். லீக்கு அதுல இல்லீங்க, பக்கத்துலதானுங்க வருது" என்றார். தப்பித்துக்கொள்ளச் சொல்கிறார் என்று ஆலைக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

வெல்டு கோட்டிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி, இரண்டு பக்கமும், பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு மங்கலான பட்டை ஓடியது. தொட்டியைக் காலி செய்து, கழுவி, அந்தப் பட்டையோடு ஒரு துண்டை வெட்டி எடுத்துச் சிமென்ட் தரையில் போட்டோம். எவர்சில்வர் கரண்டி கீழே விழுந்தால் ‘ணங்’ என்று ஒரு சத்தம் வருமே, அது வரவில்லை. ஓட்டுச்சில்லு விழுந்த மாதிரி ‘டொக்’ என்றது. ஸ்க்ரூடிரைவர் முனையால் பட்டையைச் சுரண்டினேன். ரவை உதிர்ந்தது. உண்மையாகவே ரவை மாதிரிதான், உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு துகளும் பளபளவென்று முழுசாக இருந்தது. உலோகத்தை அமிலம் கரைக்கவில்லை. துகள்களுக்கு நடுவே இருந்த ஏதோ ஒன்றை மட்டும் தின்றுவிட்டுப் போயிருந்தது.

புதுத் தொட்டி எதில் செய்வது என்ற கேள்வி அன்று சாயங்காலமே வந்துவிட்டது. ஆளுக்கொரு யோசனை. 304 போதும், வெல்டு போடும் முறையை மாற்று என்றார் ஒருவர். கார்பன் குறைந்த 304 எல் போடு என்றார் இன்னொருவர். டைட்டானியம் கலந்த 321 தான் சரி என்று ஒரு பெரியவர் பிடிவாதமாக நின்றார். செய்து முடித்த தொட்டியை உலையில் வைத்து எடுத்துவிடலாமே என்று நாலாவது குரல். நாலுமே பாடப்புத்தகத்தில் இருப்பவைதான், எதையும் முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது. எது எந்த இடத்துக்குப் பொருந்தும் என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த ரவை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாக வேண்டும்.

வயலும் வரப்பும்

உருக்கு கண்ணுக்கு ஒரே பாளமாகத் தெரிந்தாலும், உள்ளே கோடிக்கணக்கான சின்னச் சின்னப் படிக மணிகள் நெருக்கி அடுக்கியது. பட்டறையில் இதைக் கிரெயின் என்பார்கள். நாம் மணி என்றே சொல்வோம். 304 பிளேட்டில் ஒரு மணியின் குறுக்களவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, அல்லது கொஞ்சம் கூடக் குறைய. ஒவ்வொரு மணிக்குள்ளும் அணுக்கள் நாற்று நட்ட மாதிரி வரிசை தப்பாமல் நிற்கும். ஆனால் பக்கத்து மணியில் வரிசை வேறு திசையில் ஓடும். இரண்டும் சந்திக்கும் இடம்தான் மணி எல்லை. வயலுக்கு நடுவில் வரப்பு மாதிரி. சில அணுக்கள் அகலம் மட்டுமே உள்ள ஒழுங்கில்லாத ஒரு கீற்று.

வரப்பில் என்ன விசேஷம்? அணுக்கள் ஒரே விதமாக அடுக்கி, ஒரே தன்மையோடு இருக்கும் பகுதியைக் கட்டம் என்பார்கள். ஒரு கட்டத்துக்குள் புதிதாக வேறொரு கட்டம் பிறக்கும்போது, அதைச் சுற்றிப் புதிதாக ஒரு மேற்பரப்பு உருவாக வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். வெட்டவெளியில் வீடு கட்டினால் நாலு சுவர் எழுப்ப வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரோடு சேர்த்துக் கட்டினால் ஒரு சுவர்க் காசு மிச்சம். எல்லையில் ஏற்கெனவே ஒரு மேற்பரப்பும் அதற்கான ஆற்றலும் கிடக்கின்றன. புதுக் கட்டம் அதை எடுத்துக்கொண்டு மலிவாகப் பிறந்துவிடும். மூன்று மணிகள் கூடும் முனைகளில் இன்னும் மலிவு. அதோடு, ஒழுங்கில்லாத இடம் என்பதால் அணுக்கள் அங்கே மணிக்குள்ளே நகர்வதைவிடப் பல மடங்கு வேகமாக நகரும். பிறப்பதற்கும் வளர்வதற்கும் இரண்டுக்குமே வசதியான இடம்.

சாதாரணக் கார்பன் உருக்கிலும் இதே கதைதான். சூட்டில் இருக்கும் ஆஸ்டெனைட் என்ற கட்டம் ஆறும்போது, ஃபெரைட் என்ற புதுக் கட்டம் முதலில் மணி எல்லைகளில்தான் கோலப்பொடி இழுத்த மாதிரி வெளிப்படும். மணிகள் பொடியாக இருந்தால் எல்லை அதிகம், பிறக்க இடம் அதிகம், மாற்றம் சீக்கிரம் நடந்துவிடும்.

நம் 304க்கு வருவோம். துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் குரோமியம். சுமார் பத்தரை சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருந்தால் மேலே சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் கட்டிக்கொள்ளும், கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். 304இல் 18 சதவீதத்துக்குப் பக்கத்தில் குரோமியம் உண்டு, தாராளம். கூடவே 0.08 சதவீதம்வரை கார்பனும் இருக்கலாம். ஆலையில் பிளேட்டை 1040 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர்விக்கிறார்கள். அந்தச் சூட்டில் கார்பன் எல்லாம் கரைந்துவிடும், குளிர்ந்த வேகத்தில் வெளியே வர நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அறை வெப்பத்தில் அது காலகாலத்துக்கும் அப்படியே கிடக்கும். வம்பு வருவது சுமார் 450 முதல் 850 டிகிரி வரைக்குமான இடைவெளியில். அங்கே கார்பனுக்கு நகரும் தெம்பு வந்துவிடும், கரைந்தே இருக்கும் வசதி மட்டும் இருக்காது. குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு கார்பைடு என்ற கூட்டுப்பொருளாக வெளியேறும். எங்கே? வரப்பில்தான்.

இந்தக் கார்பைடில் 6 கார்பன் அணுவுக்கு 23 குரோமியம் அணு. எடைக்கணக்கில் ஒரு கிராம் கார்பன் சுமார் பதினாறரை கிராம் குரோமியத்தைச் சுருட்டிக்கொள்ளும். உருக்கில் 0.06 சதவீதம் கார்பன் இருந்து, அது முழுவதும் கார்பைடாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். செலவாகும் குரோமியம் ஒரு சதவீதம். 18 இருந்தது 17 ஆகிறது, அவ்வளவுதான். இதற்கா தொட்டி ஒழுகும்?

கணக்கு சராசரியில் சரி, இடத்தில் தப்பு. கார்பன் அணு சின்னது, இரும்பு அணுக்களின் சந்துபொந்துகளில் புகுந்து ஓடிவிடும். மணியின் நடுவிலிருந்துகூட எல்லைக்கு வந்து சேரும். குரோமியம் பெரிய அணு, பக்கத்து இடம் காலியானால்தான் ஒரு அடி எடுத்து வைக்க முடியும். ஆகக் கார்பன் ஊர் முழுவதும் இருந்து வருகிறது, குரோமியம் மட்டும் வரப்பை ஒட்டிய கீற்றிலிருந்தே பிடுங்கப்படுகிறது. எல்லையின் இரண்டு பக்கமும் சில பத்து, சில நூறு நானோமீட்டர் அகலத்துக்குக் குரோமியம் அந்தப் பத்தரைக்கும் கீழே இறங்கிவிடலாம். அந்தக் கீற்று எவர்சில்வர் என்ற பெயருக்கே தகுதியில்லாத இரும்பு. அமிலம் அதன் வழியாகப் புகுந்துபோக, மணிகள் ரவையாக உதிர்கின்றன. இந்த விளக்கத்தை 1933இல் பெயின், அபார்ன், ரதர்ஃபோர்டு மூவரும் எழுதினார்கள். பெயினைட் என்ற உருக்கு அமைப்புக்கு யாருடைய பெயரை வைத்தார்களோ அதே பெயின்தான். நுணுக்கங்கள் பின்னால் சேர்ந்தன, அடிப்படை இன்றும் அதுதான்.

பட்டை ஏன் வெல்டை ஒட்டி வராமல் தள்ளி வந்தது என்பதும் இதிலேயே இருக்கிறது. வெல்டை ஒட்டிய இடம் ஆயிரம் டிகிரியைத் தாண்டிப் போய்க் கார்பைடு கரையும் சூட்டைப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. தூரத்தில் இருக்கும் இடம் சூடே ஆவதில்லை. நடுவில் 650, 700 டிகிரியில் நின்று நின்று போன இடம்தான் மாட்டிக்கொண்டது. பட்டறைகளில் இதைச் சென்சிடைசேஷன் என்று சொல்வார்கள்.

இப்போது நாலு யோசனைகளையும் பார்க்கலாம்.

304ஐயே வைத்துக்கொண்டு, சூட்டைக் குறைப்பது

புதுக் கட்டம் பிறக்க நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் வேலையை முடித்துவிடலாம் என்பது இந்த வழி. மெல்லிய ஷீட்டில் இது நன்றாகவே நடக்கும். 2 மில்லிமீட்டர் ஷீட்டை டிக் முறையில் (டங்ஸ்டன் முனையும் ஆர்கான் வாயுவும் வைத்துச் செய்வது) ஒரே ஓட்டத்தில், அதாவது கோட்டின் மேல் ஒரே ஒரு தடவை போய், வெல்டு செய்தால், ஆபத்தான சூட்டில் அது இருப்பது சில விநாடிகள்தான். ஹோட்டல் சமையலறைத் தொட்டி, சிங்க், மேசை எல்லாம் 304இல் செய்து வருடக்கணக்காக உழைப்பது அதனால்தான். அவற்றுக்கு 304 எல் கேட்டுப் பணம் அதிகமாகக் கொடுக்க அவசியமில்லை.

8 மில்லிமீட்டர் பிளேட்டுக்கு மூன்று நாலு ஓட்டம் வேண்டும். ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டம் சூடாக்கிய இடத்தை மறுபடி சூடாக்கும். நேரங்கள் கூடிக்கொண்டே போகும். ஓட்டங்களுக்கு நடுவே 150 டிகிரிக்குக் கீழே ஆறவிடு, அகலமாக ஆட்டி ஆட்டி வெல்டு போடாதே, நேர்கோடாக இழு என்றெல்லாம் விதி எழுதி வைக்கலாம். வியாழக்கிழமை சாயங்காலம் லாரி வாசலில் நிற்கும்போது எந்த வெல்டர் ஆறவிட்டு உட்கார்ந்திருப்பார்? நான் வெல்டரைக் குறை சொல்லவில்லை. மனிதர்களின் பொறுமையை மட்டும் நம்பி உருக்கு வாங்கக் கூடாது என்கிறேன்.

கவனமாக வெல்டு செய்த இடத்திலும் இந்த வழி கைவிட்டதற்குப் பெரிய உதாரணம் அணு உலைகள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து டிரெஸ்டன் 2 உலையில், 1974இல், 304 குழாய்களின் வெல்டுகளுக்குப் பக்கத்தில் விரிசல்கள் தெரிந்தன. மணி எல்லை வழியாகவே ஓடிய விரிசல்கள். அதே வகைக் கொதிநீர் உலைகள் பலவற்றில் பின்னால் இதுவே திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. அங்கே இன்னொரு பாடமும் கிடைத்தது. வெல்டிங்கின்போது எல்லையில் பொடிப்பொடியாகப் பிறந்து நின்றுவிட்ட கார்பைடுக் கருக்கள், 300 டிகிரி போன்ற குறைந்த சூட்டிலும், வருடக்கணக்கில் மெதுவாக வளர முடியும். அந்தச் சூட்டில் புதுக் கரு பிறக்காது, பிறந்ததற்கு வளரத் தடையில்லை. கடைசியில் மிகக் குறைந்த கார்பனும் கொஞ்சம் நைட்ரஜனும் கொண்ட, மாலிப்டினம் சேர்ந்த 316 வகைக் குழாய்களை மாற்றிப் போட வேண்டியதாயிற்று.

கார்பனையே குறைப்பது: 304 எல்

எல் என்றால் குறைந்த கார்பன், 0.03 சதவீதத்துக்கு மிகாமல். மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் இது பெரிய வித்தியாசமாகத் தோன்றாது. 0.06க்கு ஒரு சதவீதம் குரோமியம் போகும் என்றால் 0.03க்கு அரை சதவீதம் போகும், பாதிதானே குறைந்தது? ஆனால் கார்பன் குறையும்போது கார்பைடு பிறக்கும் உந்துதலே தளர்ந்துவிடுகிறது, அதனால் காலம் நீள்வது பாதி பாதியாக இல்லை, மடங்கு மடங்காக. 0.08 சதவீதம் கார்பன் உள்ள 304 மோசமான சூட்டில் ஒரு நிமிடத்துக்குள்கூடக் கெட ஆரம்பிக்கலாம். 0.06 என்றால் சில நிமிடங்கள். 0.03க்குக் கீழே போனால் மணிக்கணக்கு. எந்த வெல்டிங்கும் ஒரே இடத்தை மணிக்கணக்கில் 650 டிகிரியில் வைத்திருப்பதில்லை. வெல்டர் அவசரப்பட்டாலும், ஒரு ஓட்டம் கூடுதலாகப் போட்டாலும், தாங்கும். எனக்கு 304 எல் மேல் உள்ள பிரியத்துக்குக் காரணம் இதுதான். யார் தவறு செய்தாலும் பொறுத்துக்கொள்ளும்.

இது முன்னாளில் விலை கூடிய சரக்கு. உருகிய உருக்கிலிருந்து கார்பனை எரித்து வெளியேற்றப் போனால் குரோமியமும் சேர்ந்து எரிந்துபோகும். ஆக்சிஜனோடு ஆர்கானைக் கலந்து ஊதும் ஏஓடி முறை 1960களின் கடைசியில் தொழிற்சாலைகளுக்கு வந்தது. அதற்குப் பிறகு குரோமியத்தை இழக்காமலே கார்பனை இறக்குவது சாதாரண வேலையாகிவிட்டது. இன்று 304க்கும் 304 எல்லுக்கும் விலை வித்தியாசம், தொட்டியின் மொத்தச் செலவில் கண்ணுக்கே தெரியாது. பழைய பயம் மட்டும் இன்னும் சில கொள்முதல் மேசைகளில் உட்கார்ந்திருக்கிறது.

குறை இல்லையா என்றால், உண்டு. கார்பன் உருக்குக்குப் பலம் கொடுப்பது. அது குறைந்தால் பலமும் குறையும். அமெரிக்கத் தரக்குறிப்பில் 304க்குக் குறைந்தபட்ச நெகிழ்வு எல்லை (இழுத்தால் நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும் அளவு) 205 மெகாபாஸ்கல், 304 எல்லுக்கு 170. அழுத்தக் கலனுக்கு இது பிளேட் கனத்தைக் கூட்டும் விஷயம். இதற்கு வியாபாரம் கண்டுபிடித்த வழி, இரட்டைச் சான்றிதழ். கார்பன் 0.03க்குக் கீழே, ஆனால் கொஞ்சம் நைட்ரஜன் சேர்த்துப் பலத்தை 304 அளவுக்கு ஏற்றிய பிளேட். ஒரே பிளேட்டில் 304, 304 எல் என்று இரண்டு பெயரும் அச்சாகியிருக்கும். கடையில் கேட்டால் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும்.

நைட்ரஜன் வெறும் பலத்துக்காக மட்டும் வருவதில்லை. எல்லையில் குரோமியம் கார்பைடு பிறப்பதையும் அது தாமதப்படுத்தும். கல்பாக்கத்தில் உள்ள முன்மாதிரி வேக ஈனுலை என்ற அணு உலையின் முக்கியக் கலன்களுக்கு 316 எல்என் என்ற உருக்கைத் தேர்ந்தெடுத்தது இந்தக் கணக்கில்தான். எல் கார்பன் குறைவுக்கு, என் நைட்ரஜனுக்கு. உள்ளே 550 டிகிரிக்குப் பக்கத்தில் திரவச் சோடியம், பலம் வேண்டும். வெளியே வங்கக் கடலின் உப்புக்காற்று, கட்டி முடிக்கும்வரை வெல்டுகள் அதில்தான் நிற்க வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே உருக்கு தாங்க வேண்டுமானால் வேறு வழி குறைவு.

கார்பனுக்கு வேறு துணை தேடுவது: 321, 347

பெரியவர் பிடிவாதமாகச் சொன்ன வழி. கார்பனை வெளியேற்ற முடியாத காலத்தில் வந்த சாமர்த்தியம் இது. கார்பனுக்குக் குரோமியத்தைவிடப் பிடித்தமானது டைட்டானியம். கார்பன், நைட்ரஜன் இரண்டின் கூட்டுத்தொகையைப் போல ஐந்து மடங்காவது டைட்டானியம் சேர்த்துவிட்டால், உயர்ந்த சூட்டிலேயே கார்பன் அதோடு சேர்ந்து, மணிக்குள்ளேயே டைட்டானியம் கார்பைடாகத் தங்கிவிடும். பிறகு வரப்புக்கு ஓடிவர ஆளில்லை. இதுதான் 321. டைட்டானியத்துக்குப் பதில் நயோபியம் போட்டால் 347.

கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் வெல்டிங்கில் ஒரு முள் உண்டு. உருகிய கோட்டை ஒட்டிய மிக மெல்லிய இழை ஒன்று, டைட்டானியம் கார்பைடே கரைந்துபோகும் சூட்டைப் பார்க்கும். அது சட்டென்று ஆறும்போது கார்பன் விடுதலையாகி நிற்கும். அடுத்த ஓட்டத்திலோ, பின்னால் வேலை செய்யும் சூட்டிலோ அது 650 டிகிரியைத் தொட்டால், டைட்டானியத்துக்கு நகரும் தெம்பு போதாது, கார்பன் திரும்பவும் வரப்புக்கு வந்து குரோமியத்தைப் பிடித்துவிடும். கத்தியால் கீறிய மாதிரி ஒரே நேர்கோடாக அரிக்கும். நைட்ரிக் அமிலம்தான் இதைத் தேடிக் கண்டுபிடிக்கும் பேர்வழி. நம் தொட்டியில் இருப்பதும் அதுதான். தவிர, 321 நன்றாகப் பாலிஷ் ஏறாது, டைட்டானியம் நைட்ரைடு துகள்கள் கீற்றுக் கீற்றாகத் தெரியும். டைட்டானியம் வெல்டிங் சுடரில் எரிந்துபோவதால் ஃபில்லர் கம்பி (வெல்டில் உருக்கி நிரப்பும் கம்பி) 347ஆக வாங்க வேண்டும். நம்மூர்க் கடைகளில் இரண்டு பிளேட் கேட்டால் உடனே கிடைக்கும் சரக்கும் இல்லை.

அப்படியானால் 321 எங்கே? சூட்டில் வேலை செய்யும் இடத்தில். 450 டிகிரிக்கு மேல் மாதக்கணக்கில் ஓடும் குழாய் என்றால் 304 எல்லின் மணிக்கணக்குச் சாமர்த்தியம் செல்லாது, அதுவும் கடைசியில் கெட்டுவிடும், பலமும் போதாது. சுத்திகரிப்பு ஆலைகளின் உலைக் குழாய்களில் 321, 347 இருப்பது அதனால்தான். அங்கே ஓடும்போது ஒன்றும் நடக்காது. நிறுத்தித் திறக்கும்போது, கந்தகப் படிவும் ஈரமும் காற்றும் சேர்ந்து ஒரு அமிலம் உண்டாகி, கெட்டுப்போன எல்லைகளைப் பிளந்துவிடும். திறப்பதற்கு முன் சலவைச் சோடாக் கரைசலால் கழுவும் வழக்கம் அதற்காக வந்ததே. பெரியவர் வாழ்க்கையின் பாதியை அப்படி ஒரு ஆலையில் கழித்தவர் என்று பிறகு தெரிந்தது. அவர் இடத்துக்கு அவர் சொன்னது சரி.

உலையில் வைத்து எடுப்பது

பிறந்த கார்பைடை மறுபடி கரைத்துவிடலாம். 1040 டிகிரிக்கு மேல் ஏற்றி, கொஞ்ச நேரம் வைத்து, தண்ணீரில் முக்கி 850லிருந்து 450வரையான தூரத்தைத் தாவிக் கடந்துவிட்டால் எல்லை சுத்தம், குரோமியமும் சமமாகிவிடும். கோவை வார்ப்பட்டறைகளில் 304க்கு இணையான பம்ப், வால்வு வார்ப்புகளை இப்படித்தான் செய்கிறார்கள். சின்னப் பொருள், உலைக்குள் போகும், முக்கினாலும் கோணாது. வளைத்த குழாய்த் துண்டுகளுக்கும் நல்ல வழி.

மூன்று மீட்டர் குறுக்களவுள்ள தொட்டிக்கு இதை யோசிப்பதே வீண். அந்தச் சூட்டில் பிளேட் சொந்த எடையிலேயே அப்பளமாகத் தொங்கும். முக்குவதற்குக் குளம் வேண்டும். மெதுவாக ஆறவிட்டாலோ, நாமே கூலி கொடுத்துக் கெடுத்த கணக்கு. இதில் ஒரு பாதி வேலையாக, வெல்டு அழுத்தத்தைத் தணிக்கிறேன் என்று கார்பன் உருக்குக்குச் செய்கிற மாதிரி 304ஐ 600, 650 டிகிரியில் மணிக்கணக்கில் வைத்து எடுக்கும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. சாதாரண 304க்கு அதைவிடக் கேடு வேறில்லை.

இன்னொரு வழி ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது, கடையில் இல்லை. எல்லா வரப்பும் ஒன்றில்லை. 304ஐ மெருகேற்றி, 10 சதவீத ஆக்சாலிக் அமிலத்தில் ஒன்றரை நிமிடம் மின்சாரம் கொடுத்து அரித்து நுண்ணோக்கியில் பாருங்கள். கெட்ட உருக்கில் வளைந்து நெளிந்து ஓடும் எல்லைகள் வாய்க்கால் வெட்டிய மாதிரிக் கறுத்திருக்கும். அவற்றுக்கு நடுவே சில நேர்கோடுகள், ஸ்கேல் வைத்துப் போட்டது போல, சுத்தமாக இருக்கும். அவை இரட்டைப் படிக எல்லைகள். இரண்டு பக்கத்து அணு வரிசைகளும் கண்ணாடி பிம்பம்போல ஒத்துப்போவதால் அங்கே ஒழுங்கின்மை மிகக் குறைவு, மிச்சப்படுத்த ஆற்றலும் இல்லை, கார்பைடுக்கு அங்கே வேலையில்லை. லேசாக நசுக்கி, நீண்ட நேரம் பதப்படுத்தி, இத்தகைய எல்லைகளைப் பெருக்கினால் கெட்ட வரப்புகளின் பின்னல் அறுந்துபோகும், அரிப்பு உள்ளே போக வழி தெரியாமல் நிற்கும். இந்த எல்லை வடிவமைப்பு யோசனையை 1984இல் ஜப்பானின் டடாவோ வதனபே முன்வைத்தார். எனக்கு இது மிகவும் பிடித்த யோசனை. ஆனால் தொட்டிக்கு ஆர்டர் போட முடியாது, வெல்டு உருகி உறையும் இடத்தில் அந்தப் பதமும் போய்விடும்.

அந்தத் தொட்டிக்கு

இரட்டைச் சான்றிதழ் 304 எல் பிளேட், 308 எல் ஃபில்லர். அதுதான் நான் எழுதிக் கொடுத்தது. அரைவட்ட மூடிகளைக் குளிர்நிலையில் அழுத்தி வளைப்பதால் கூடுதல் கவனம் கேட்டேன். குளிராக நசுங்கிய உருக்கில் கார்பைடு இன்னும் வேகமாகப் பிறக்கும், 304இல் நசுக்கும்போது மார்ட்டென்சைட் என்ற வேறொரு கட்டமும் கொஞ்சம் உண்டாகிவிடும், அங்கே அணுக்களின் ஓட்டம் இன்னும் வேகம்.

சான்றிதழில் ஒரு பொறி இருக்கிறது. மணி எல்லை அரிப்புக்கு, அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம் வகுத்த ஏ262 என்ற சோதனை உண்டு. அதில் இ என்ற பிரிவு, தாமிரத் துண்டுகளோடு தாமிர சல்ஃபேட்டும் கந்தக அமிலமும் கலந்த கரைசலில் 15 மணி நேரம் கொதிக்கவைத்து, துண்டை மடித்து விரிசல் பார்ப்பது. ஆலையிலிருந்து வந்த பிளேட்டை அப்படியே சோதித்தால் சாதாரண 304கூடத் தேறிவிடும், அது ஏற்கெனவே கரைத்துக் குளிர்வித்த சரக்குதானே. எல் வகையை 675 டிகிரியில் ஒரு மணி நேரம் வேண்டுமென்றே வாட்டிவிட்டுச் சோதிக்க வேண்டும். வாட்டினார்களா என்று கேளுங்கள். நான் கேட்டபோது விற்பனைப் பையன், "அது எதுக்கு சார், தேறிடுச்சே" என்றான்.

எல் வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரில் குளோரைடு அதிகம் இருந்தால் 304 எல்லும் 304ஐப் போலவே குழிக்குழியாக அரிக்கும். அது வரப்பின் குற்றமில்லை, மேலே உள்ள படலத்தையே குளோரைடு துளைக்கிறது. அதற்கு மாலிப்டினம் வேண்டும், 316 எல் போட வேண்டும். சாயப்பட்டறைப் பாத்திரங்களுக்கு 316 வகை கேட்பது அதற்காக.

ஏற்கெனவே 304 பிளேட் வாங்கி அடுக்கிவிட்டவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, திருப்பி அனுப்ப வேண்டுமா என்பது. முதலில் சான்றிதழில் அந்தப் பிளேட்டின் உண்மையான கார்பன் எவ்வளவு என்று பாருங்கள். 0.08 என்பது உச்சவரம்புதான், பல ஆலைகள் அதற்கு வெகு கீழேயே உருக்குகின்றன. 0.04 என்று இருந்து, பிளேட் 3 மில்லிமீட்டருக்குள் இருந்து, உள்ளே இருக்கப்போவது பாலோ தண்ணீரோ என்றால் வேலையை ஆரம்பிக்கலாம். 0.06, 8 மில்லிமீட்டர், சூடான அமிலம் என்றால் திருப்பி அனுப்புங்கள். லாரி வாடகை போனால் போகட்டும்.